கருமையும் மாமையும்

ஆப்பிரிக்கக் காதற்பாடல்களைத் தமிழ் அகப்பாடல்களோடு ஒப்பிட விழைவார்க்கு எடுத்துக்கொள்ளத் தக்க ஒரு பாட்டு, செனகல் நாட்டுக் கவிஞர் லியோபோல்டு செதார் செங்கோர் பிரெஞ்சு மொழியில் இயற்றிய 'கறுப்புப் பெண்' என்பதாகும். 1945இல் வெளிவந்த அவருடைய முதற் கவிதைத் தொகுதியில் இஃது உள்ளது. 1960 முதல் 1980 வரை அந்நாட்டுக் குடியரசுத் தலைவராக விளங்கிய செங்கோர், 1974இல் சென்னைக்கு வந்து, கறுப்பினப் பண்பாட்டையும் திராவிடப் பண்பாட்டையும் இணைத்து உரை நிகழ்த்தியவர். அவ்வுறவில் நாட்டமுடைய ஆய்வாளர், இரு நிலத்துக் கவிஞரும் தலைவியின் கருநிறத்தைப் போற்றினர் என்று காட்டி அமைவது எளிது. அவ்வளவில் அமைதல் கூடாது என்பது நம் கருத்து.

மாமை என்பது வெறுங் கருமையன்று. மாந்தளிரின் செம்மை கலந்த நிறம். சங்கப் புலவர் அதனைப் பாடுங்கால் எவர்க்கும் விடையிறுப்பதாகப் பாடவில்லை. நிறத்தின் பெருமை அங்கு வழக்குக்குரிய பொருளன்று. செங்கோரோ, கருநிறத்தை இழித்த ஐரோப்பியரின் மொழியிலேயே அந்நிறத்தை அவளுக்கு அணியாக்குகிறார். புகழ்ச்சியினூடே வழக்காடும் குரலும் கேட்கிறது. பாட்டின் வீறு அதனாற் பிறந்ததே.

இதனினும் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. அப்பாட்டில் அவள் தாயாகிறாள், கனியாகிறாள், காற்றில் அசையும் புல்வெளியாகிறாள், முரசுமாகிறாள். ஆயினும் ஒரு சொல்லும் பேசுகின்றிலள். வெள்ளிவீதியாரின் குறுந்தொகை 27ஆம் பாட்டில், தன் மாமையைப் பசலை உண்ண இருப்பதைத் தலைவியே சொல்கிறாள். கன்றும் உண்ணாது, கலத்திலும் வீழாது, நிலத்திற் சிந்திய ஆவின் பாலை உவமையாக்குகிறாள். அழகு பயன்படாமை கூறுங்கால் தன்னை முன்னும் தலைவனைப் பின்னும் வைக்கிறாள். இம்முறைவைப்பைத் தற்செயலென்று நாம் கொள்ளோம்.

பக்திப் பாடலிலும் இம்மரபு தொடர்கிறது. நம் பொத்தேரிக்குக் கிழக்கே, கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே கடலோரத்தில் உள்ளது திருவிடந்தை. அத்தலத்துக்குரிய பெரிய திருமொழி 2ஆம் பத்து 7ஆம் திருமொழியில் திருமங்கையாழ்வார் தாயாகிப் பேசுகிறார். மகளின் மாந்தளிர் மேனி பொன்னிறமானதையும், கடல் புலம்பத் தானும் அவள் புலம்புவதையும் கூறும் தாய், இவள் பொருட்டு நின் உள்ளத்தில் யாது கொண்டுள்ளாய் என ஒன்பது பாட்டிலும் பெருமானையே வினவுகிறாள். செங்கோரின் பாட்டில் அவ்வாறு வினவுவார் இலர். ஊழ் அவளைச் சாம்பலாக்குமுன் அவள் வடிவை நிலைபெறச் செய்வதாக இறுதியிற் கவிஞர் கூறுகிறார். அதனை அவள் வேண்டினாளா என்று அறியப் பாட்டில் இடமில்லை.