இரண்டாவது பெயர்

சிதம்பரத்தில் முதுகலை மாணவிகளுக்கு நாடகத் தமிழ் நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரு கேள்வி கேட்பேன். உங்களைச் சிரிக்கவைத்த பெண்களின் பெயர்களைச் சொல்லுங்கள். மனோரமா, கோவை சரளா என்ற பெயர்கள் உடனே வரும். அதற்கு முன்னால் யார் என்றால் வகுப்பு அமைதியாகிவிடும். நானே கரும்பலகையில் டி.ஏ. மதுரம் என்று எழுதுவேன். "கலைவாணர் மனைவிதானே அம்மா?" என்று ஒரு குரல் கேட்கும். அந்தத் 'தானே'வைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

1918இல் பிறந்த மதுரத்தின் ஊர் ஸ்ரீரங்கம். 1936இல் வெளியான 'வசந்தசேனா' படத்தின்போது என்.எஸ். கிருஷ்ணனைச் சந்தித்தார். அதன்பின் திரையிலும் மேடையிலும் இருவரும் இணைந்தே அறியப்பட்டார்கள். கடலூர் முதுநகரில் என் பாட்டி அந்தப் படங்களை 'மதுரம் படம்' என்றுதான் சொல்வார். படித்தவர்கள் எழுதிய வரலாற்றில் அவை 'என்.எஸ்.கே. படங்கள்' ஆயின.

அவர்களுடைய திருமணத்தைப் பற்றி ஒரு கதை இன்றும் மேடைகளில் சொல்லப்படுகிறது. ஏற்கெனவே மணமானவர் என்பதை மறைத்துத்தான் கிருஷ்ணன் மதுரத்தை மணந்தாராம். மதுரம் கேட்டபோது, உண்மையைச் சொல்லியிருந்தால் சம்மதித்திருப்பாயா என்று திருப்பிக் கேட்டாராம். கூட்டம் கைதட்டும். பின்னாளில் மதுரத்தின் தங்கை வேம்புவும் அதே வீட்டில் மனைவியானார்.

1941இல் இந்த இணை 'சந்திரஹரி' படத்தில் நடித்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் அந்தப் பகடி அரிச்சந்திரனைத் தலைகீழாக்கியது. உண்மையே பேசாத அரசன்தான் நாயகன். அங்கே பொய்யைக் கேட்டுச் சிரிக்கிறோம், அது பொய் என்று நமக்கும் தெரிவதால். திருமணக் கதையில் பொய்யென்று தெரியாமல் இருந்தவர் ஒருவர்தான். அவரைப் பார்த்துச் சிரிக்கும்படி நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். கிருஷ்ணனின் மேதைமையைக் குறைப்பது என் நோக்கமல்ல. எந்தச் சிரிப்பில் யார் தனித்து நிற்கிறார் என்று பார்ப்பதும் விமர்சகரின் வேலை.

சீர்திருத்த நகைச்சுவைக்கு ஓர் அமைப்பு உண்டு. ஆண் அறிந்தவன், பெண் கேட்டுத் தெரிந்துகொள்பவள். எழுத்தில் மதுரத்துக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் அந்த இரண்டாவது இடம். ஆனால் அவர் அதில் பணிந்து உட்காரவில்லை. குறுக்கே கேட்டார், நொடித்தார், சீண்டினார். அறிவுரை சலிப்பூட்டாமல் உரையாடலாக மாறியது அதனால்தான். விஞ்ஞான வளர்ச்சி பற்றிய அவர்களின் புகழ்பெற்ற பாட்டில், பொத்தானைத் தட்டினால் பலகாரம் தட்டில் வந்துவிட வேண்டும் என்ற ஆசை வருகிறது. உலகத்தை மாற்றப்போகும் பெரிய சொல் அடுப்படியில் வந்து நிற்கிறது. மதுரம் எதிரில் இருப்பதால்தான் அங்கே இன்னொன்றும் கேட்கிறது: இதுவரை அந்தத் தட்டை நிரப்பிய கை யாருடையது?

இந்தச் சீர்திருத்தக் கற்பனையின் எல்லையைப் பார்க்கச் சிதம்பரத்துக்கே வரலாம். ஆதனூர்ப் பண்ணையாள் நந்தனார் தில்லைக்குப் போக ஏங்கி, தீயில் இறங்கிய கதை எங்கள் பகுதியின் கதை. 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்தவர் ஒரு பெண், கே.பி. சுந்தராம்பாள். அதற்கு அவர் பெற்ற ஊதியம் 1 லட்சம் ரூபாய். அந்தக் கதையைத்தான் கிருஷ்ணன் 'கிந்தனார்' காலட்சேபமாக மாற்றினார். இயற்றியவர் உடுமலை நாராயணகவி. 1949இல் 'நல்லதம்பி' படத்திலும் அது இடம்பெற்றது. நந்தன் கோவிலுக்குப் போக ஏங்கினான். கிந்தன் பள்ளிக்குப் போக ஏங்கி, ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து, பள்ளி ஆய்வாளராகத் திரும்புகிறான். தீக்குப் பதில் கல்வி. தமிழ்ப் பகடியின் உச்சங்களில் ஒன்று அது. ஆனால் ரயிலேறுவது பையன்தான். கிந்தனுக்கு ஒரு தங்கை இருந்திருந்தால்? சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் பெண்கள் பள்ளி ஒன்று இருக்கிறது. அங்கே படித்துவிட்டு என் வகுப்புக்கு வந்த பெண்கள் உண்டு. அந்தத் தங்கையின் கதையை எழுத வேண்டியவர்கள் அவர்களே.

மதுரத்தின் வாழ்வில் யாரும் நகைச்சுவையாக்க முடியாத பகுதி 1944இன் இறுதியில் தொடங்கியது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கிருஷ்ணனும் தியாகராஜ பாகவதரும் கைதானார்கள். 1945இல் ஆயுள் தண்டனை. மதுரம் எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு நாடகக் குழுவை நடத்தினார். லண்டன் பிரிவி கவுன்சில்வரை வழக்கு போனது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். குழுவின் 'பைத்தியக்காரன்' அதே ஆண்டு படமாக வந்தது. இந்த ஆண்டுகளை 'கணவனை மீட்ட உத்தமி' என்று எழுதுவது வழக்கம். எனக்கு அவை ஒரு தொழில்காரரின் ஆண்டுகள். நடிகர்களுக்குச் சம்பளம், ஊர் ஊராக அரங்கம், வழக்குச் செலவு, அதற்கிடையே மாலையில் ஒப்பனை போட்டுக்கொண்டு ஊரைச் சிரிக்கவைக்கும் வேலை. சாவித்திரி என்று பாராட்டிவிட்டால் இந்த உழைப்பு கணக்கில் வராமல் போய்விடும்.

1957இல் கிருஷ்ணன் மறைந்தார். மதுரம் 1974வரை வாழ்ந்தார். கலைவாணர் பெயரில் சென்னையில் அரங்கம் இருக்கிறது, சிலை இருக்கிறது. மதுரத்தின் பெயர் நாகர்கோவிலில் கிருஷ்ணன் கட்டிய வீட்டில் இருக்கிறது: 'மதுரபவனம்'. அது அன்பின் அடையாளம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் ஆணின் பெயர் வீதிக்கு, பெண்ணின் பெயர் வீட்டுக்கு என்ற பங்கீடு அதிலும் அப்படியே இருக்கிறது.

கிருஷ்ணன் பெயர் இல்லாமல் மதுரத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வாருங்கள் என்று சென்ற ஆண்டு மாணவிகளிடம் சொன்னேன். பாதிப் பேரால் முடியவில்லை. இதோ, எனக்கும் முடியவில்லை. சரி, அடுத்த வகுப்புக்குத் தலைப்பை மாற்றியிருக்கிறேன்: மதுரத்தின் பெயர் இல்லாமல் கிருஷ்ணனைப் பற்றி ஒரு பக்கம். அதை இதுவரை எத்தனை பேர் எளிதாக எழுதியிருக்கிறார்கள் என்று நூலகத்தில் தேடிப் பார்த்துவிட்டு வாருங்கள்.