கைப்பழக்கமும் கற்பித்த பயமும்

‘இளமையில் செய்த தவறு’, ‘நரம்புத் தளர்ச்சி’. தமிழ்நாட்டில் பல தலைமுறை இளைஞர்கள் விளம்பரங்களில் படித்து நடுங்கிய சொற்கள் இவை. லாட்ஜில் அறை எடுத்து முகாம் நடத்தும் வைத்தியர்களுக்குச் சுய இன்பம் என்பது ‘கைப்பழக்கம்’. அது ஆளையே உருக்கிவிடும் என்பது அவர்கள் வாதம்.

இந்தப் பயம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. ஓர் அவுன்ஸ் விந்து போவது 40 அவுன்ஸ் ரத்தம் போவதைவிட மோசம் என்று 1760-ல் பிரெஞ்சில் எழுதினார் லோசான் நகர மருத்துவர் திஸ்ஸோ. நம்மிடையே வழங்குவதும் 40 துளி ரத்தம், ஒரு துளி விந்து என்ற அதே கணக்குதான். 19-ஆம் நூற்றாண்டில் மனநோய் விடுதிகளில் இப்பழக்கத்தைக் கண்ட மருத்துவர்கள், அதையே பைத்தியத்துக்குக் காரணம் என்றார்கள். வெளியே நலமாக வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை. பாலியல் ஆய்வாளர் கின்சி கேட்டார்; முடிவுகளை 1948-ல் வெளியிட்டார். அமெரிக்க ஆண்களில் சுமார் 92 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். அவருடைய மாதிரியில் குறைகள் உண்டு. ஆனாலும், அத்தனை பேரும் பைத்தியமாகிவிடவில்லை.

விந்து ரத்தத்தைப் பிழிந்து எடுப்பதல்ல. அதில் பெரும்பகுதி, சில சுரப்பிகள் ஓயாமல் சுரக்கும் நீர். ஆனால் பயந்தவனின் சோர்வும் தூக்கமின்மையும் பொய்யல்ல. 1960-ல் இந்திய மனநல மருத்துவர் விக் இதற்குத் ‘தாது நோய்க்குறி’ என்று பெயரிட்டார். நம்பிக்கையே இங்கே நோயை வளர்க்கிறது. பலரிடம் மனச்சோர்வும் சேர்ந்திருக்கிறது.

லாட்ஜ் வைத்தியரிடம் ஒரு பலம் உண்டு: அவர் உட்காரவைத்துக் கேட்கிறார். “ஒண்ணுமில்ல, போப்பா” என்று ஒரே நிமிடத்தில் அனுப்பும் மருத்துவர் பயந்து வரும் இளைஞனை அவரிடமே தள்ளுகிறார். மனநல மருத்துவர் மாத்ருபூதம் விஜய் டிவியின் ‘புதிரா புனிதமா’ நிகழ்ச்சியில் பாலியல் கேள்விகளுக்குக் கூச்சமின்றிப் பதில் சொன்னது இதனால்தான் பெரிய காரியம்.

சுய இன்பத்தோடு சேர்த்தே பேசப்படும் ஆபாசப் படங்களை இதே தராசில் அப்படியே வைக்க முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 நோய்ப் பட்டியல், கட்டுப்படுத்த முடியாமல் வாழ்க்கையே குலையும் பாலியல் நடத்தையைக் கோளாறு என ஏற்கிறது. வெறும் குற்ற உணர்வை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்யக் கூடாது என்றும் சொல்கிறது. நியாயமான அளவுகோல். ஆனால் பாலியல் பாடமே கிடைக்காத பையனுக்கு அந்தப் படமே வாத்தியாராகிவிடுகிறது. சம்மதம் கேட்பதை அது கற்பிப்பதில்லை. அந்தப் பாடத்தை வீடும் பள்ளியும் எடுத்திருந்தால், அவன் லாட்ஜ் படியேறியிருக்க மாட்டான்.