மண்கோட்டையும் மாயக்கோட்டையும்

பஞ்சம் முற்றினால் கரிசல்காட்டுச் சம்சாரி கடைசியில் குலுக்கையில் கிடக்கும் விதைத் தானியத்தில் கை வைப்பான். இன்றைய சினிமா முதலாளிகளுக்கும் அப்படியொரு காலம் வந்திருக்கிறது. பணத்துக்குப் பஞ்சமில்லை, கதைக்குத்தான் பஞ்சம். ஆகவே முன்னோர் சேர்த்து வைத்த சரித்திரக் கதைகளையும் புராணக் கதைகளையும் எடுத்து, நூறு கோடி, ஐந்நூறு கோடி என்று கொட்டி மறுபடியும் படமாக்குகிறார்கள். ஆனால் விதைத்தது முளைப்பதில்லை. முதல் மூன்று நாள் கூட்டம் இருக்கிறது. நான்காம் நாள் கொட்டகையில் ஈ ஓட்டுகிறார்கள்.

இது நம் நாட்டு வியாதி மட்டும் அல்ல. 'பென்-ஹர்' கதையை ஹாலிவுட்டில் 1925-இல் பேசாப் படமாக எடுத்தார்கள். 1959-இல் வில்லியம் வைலர் மறுபடி எடுத்தார். பதினொரு ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன. 2016-இல் அதே கதையை, அதே ரதப் போட்டியை, புதிய யந்திர வித்தைகளுடன் எடுத்தபோது போட்ட முதல்கூடத் திரும்பவில்லை. நம் பக்கத்தில் ராமாயணம் இருக்கிறது. 1987-லும் 1988-லும் தூர்தர்ஷனில் வந்த ராமானந்த சாகரின் தொடரை இன்று பார்த்தால் அம்புகள் ஆகாயத்தில் மோதிக்கொள்வது குழந்தை விளையாட்டாகத்தான் தெரியும். ஆனால் 2020-இல் ஊரடங்கு வந்து, அதை மறுபடி ஒளிபரப்பியபோது தேசமே உட்கார்ந்து பார்த்தது. மூன்றே வருஷம் கழித்து அதே கதை 'ஆதிபுருஷ்' என்று கோடிக்கணக்கான ரூபாய்ச் செலவில் வந்தது. ஜனங்கள் சிரித்தார்கள், கோபித்தார்கள். படம் வெளிவந்த பிறகு வசனத்தையே மாற்ற வேண்டியதாயிற்று.

இதற்குச் சாதாரணமாகச் சொல்லப்படும் காரணம் ஒன்று உண்டு. "காலம் மாறிவிட்டது, இளைஞர்களுக்குப் பொறுமை இல்லை, பழங்கதை யாருக்கு வேண்டும்?" என்கிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1964-இல் பி. ஆர். பந்துலு எடுத்த 'கர்ணன்' படத்தைச் சுத்தம் செய்து 2012-இல் மறுபடி திரையிட்டார்கள். சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடிற்று. பார்த்தவர்களில் கர்ணன் முதலில் வெளிவந்தபோது பிறந்தே இராதவர்கள் ஏராளம். பழங்கதை வேண்டாம் என்றால் இவர்கள் ஏன் வந்தார்கள்? பொறுமை இல்லை என்றால் அத்தனை பாட்டையும் வசனத்தையும் எப்படிக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்? கோளாறு பார்க்கிறவனிடம் இல்லை. வேறெங்கோ இருக்கிறது.

அது எங்கே என்று பார்க்க எங்கள் பக்கத்துக் கதையையே எடுத்துக்கொள்கிறேன். கட்டபொம்மனை மறுபடி எடுக்க வேண்டும் என்ற பேச்சு சினிமா வட்டாரத்தில் அவ்வப்போது எழும், எழுந்து அடங்கும். எடுத்தால் என்ன ஆகும்?

1959-இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' திடீரென்று ஆகாயத்திலிருந்து குதித்த படமல்ல. அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1957-இல், சிவாஜி கணேசனின் குழு அதை நாடகமாக மேடையேற்றியது. வசனம் எழுதியவர் சக்தி கிருஷ்ணசாமி. அதற்கும் முன்னால் ம. பொ. சிவஞானத்தின் புத்தகம். அதற்கும் எவ்வளவோ முன்னால் நம் கிராமங்களில் கட்டபொம்மன் கதைப்பாடல். பிற்காலத்தில் நா. வானமாமலை அதை அச்சில் பதிப்பித்தார். ஆனால் அச்சுக்கு வருவதற்கு முன்பே அது தலைமுறை தலைமுறையாக ஜனங்களின் வாயில் இருந்தது. ஆகவே படம் பார்க்கப் போனவன் கதை தெரிந்துகொள்ளப் போகவில்லை. முடிவு தூக்குமரம் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்த கதையை இந்த மனிதன் எப்படிச் சொல்கிறான் பார்ப்போம் என்றுதான் போனான்.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மண்கோட்டை. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் முற்றுகையிட்டது மண்சுவரைத்தான். பந்துலுவோ ஜெய்ப்பூர்ப் பக்கம் போய், பல காட்சிகளை அங்கே எடுத்தார். ராஜஸ்தானத்துக் குதிரைகளும் அரண்மனை ஆடம்பரமும் எங்கள் கரிசல்காட்டுப் பாளையக்காரருக்கு வந்து சேர்ந்தன. ஒட்டப்பிடாரம் பக்கத்தில் மண்மேட்டைப் பார்த்து வளர்ந்த சம்சாரிக்கு இது பொய் என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அவன் முணுமுணுக்கவில்லை. கதைப்பாடல்காரனும் அப்படித்தானே பாடினான்! பாட்டில் வரும் கோட்டை எப்போதும் வானத்தை முட்டும். பாட்டில் வரும் குதிரை தரையில் கால் பாவாது. வர்ணித்த படுதாவை மேடையில் தொங்கவிட்டு "இது அரண்மனை" என்றால், "ஆகட்டும், மேலே சொல்லு" என்று நம் ஜனங்கள் ஒப்புக்கொள்வார்கள். சொல்பவனுக்கும் கேட்பவனுக்கும் இடையில் அப்படி ஓர் ஒப்பந்தம் இருந்தது.

புதுப் படம் இந்த ஒப்பந்தத்தைத்தான் கிழித்துப் போடுகிறது. கம்ப்யூட்டரில் கட்டிய கோட்டை, "நான் படுதா அல்ல, நானே நிஜம்" என்று மார்தட்டுகிறது. நிஜம் என்று சொல்லிக்கொண்டு வந்தவனை நிஜத்தின் உரைகல்லில்தான் உரைத்துப் பார்ப்பார்கள். உடனே ஆயிரம் கேள்வி: குதிரையின் கால் தரையில் படுகிறதா? அந்தக் காலத்தில் இப்படி உடை உண்டா? இந்த மலை எங்கள் ஊரில் எங்கே இருக்கிறது? படுதாவிடம் யாரும் கேட்காத கேள்விகள் இவை. எவ்வளவு பணம் போட்டாலும் இவற்றுக்குப் பதில் சொல்லி மாளாது. செலவு ஏற ஏற, சந்தேகமும் ஏறுகிறது.

இன்னொன்று, குரல். நம்மவர்கள் அந்நாளில் படத்தைப் பார்த்ததைவிடக் கேட்டதே அதிகம் என்பேன். கட்டபொம்மன் ஜாக்சனோடு மோதும் காட்சியை ஒலிபெருக்கியில் கேட்காத கல்யாண வீடும் கோயில் கொடையும் இந்தப் பக்கத்தில் இருந்ததில்லை. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அட்டைக் கிரீடம் வைத்துக்கொண்டு ஒரு பையன் அதைப் பேசாமல் இருந்ததுமில்லை. ராமநாதபுரத்தில் 1798 செப்டம்பரில் உண்மையில் என்ன பேசினார்கள் என்பது வேறு விஷயம். பையனுக்குக் கிடைத்தது பேசிப் பார்க்க ஒரு வாய். புதுப் படங்களில் யாரும் ஒரு வாக்கியத்தை முடிப்பதில்லை. பாதிப் பேச்சில் காமிரா பறந்துபோய்ப் பருந்தாகிவிடுகிறது. போதாக்குறைக்கு ஐந்து பாஷையில் ஓட வேண்டும் என்பதால் எந்த பாஷையின் உப்பும் ஒட்டாத வசனம். எல்லா ஊருக்கும் பொது என்று சமைத்தது எந்த ஊர்க்காரனுக்கும் ருசிப்பதில்லை.

அப்படியானால் பழைய படம் எல்லாம் வெற்றி, புதியது எல்லாம் தோல்வியா? அதுவும் இல்லை. அதே பந்துலு, அதே சிவாஜியை வைத்து, 1961-இல் 'கப்பலோட்டிய தமிழன்' எடுத்தார். கதாநாயகர் அதே ஒட்டப்பிடாரத்து மனிதர். பிற்காலத்தில் எங்கள் கோவில்பட்டியிலேயே சில வருஷங்கள் வக்கீல் தொழில் நடத்தியவர். படம் கௌரவமான படம். ஆனால் வெளிவந்தபோது வசூல் இல்லை. வ. உ. சி. 1936 வரை வாழ்ந்தவர். கோர்ட்டுக்குப் போகும்போது அவரைக் கண்ணால் கண்டவர்கள் இருந்தார்கள். அவரைப் பற்றி ஊரில் துக்கம் இருந்தது, வெட்கமும் இருந்தது, பாட்டு இல்லை. பாட்டு முளைக்காத இடத்தில் படமும் வேர்விடவில்லை என்பது என் அபிப்பிராயம்.

"பொன்னியின் செல்வன் ஜெயித்ததே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1950-இல் கல்கி எழுதத் தொடங்கிய கதை 2022-இல் திரைக்கு வந்தபோது, தாத்தாவும் பேத்தியும் ஒன்றாகக் கொட்டகைக்குப் போனார்கள். ஆனால் அங்கே ஒரு பழைய படத்தோடு போட்டி இல்லை, எம்.ஜி.ஆர். எடுக்க ஆசைப்பட்டும் எடுத்து முடியவில்லை. ஜனங்கள் மனத்தில் காலியாகக் கிடந்த சிம்மாசனத்தில் மணிரத்னம் ஆட்களை உட்கார வைத்தார். அப்படியும் கதையின் முடிவில் கை வைத்த இரண்டாம் பாகம், வசூலில் முதல் பாகத்தை எட்டவில்லை. கட்டபொம்மனுக்கோ சிம்மாசனம் காலி இல்லை. கயத்தாற்றில் சிவாஜி நிலம் வாங்கி 1970-இல் நிறுவிய சிலையைப் பாருங்கள். அதன் முகத்தில் கட்டபொம்மனைத் தேடினால் சிவாஜிதான் தெரிவார். புதிதாக வருகிற நடிகன் வெள்ளைக்காரனோடு சண்டை போட வேண்டியதில்லை. அந்தச் சிலையோடு போட வேண்டும்.

அப்படியானால் மறுபடி எடுக்கவே கூடாதா? எடுக்கலாம், எடுக்கத்தான் வேண்டும். பழைய படம் எங்கள் பக்கத்துக்கு ஒரு கடன் வைத்துப் போயிருக்கிறது. எட்டப்பன் என்பது எட்டயபுரத்து அரசர்கள் வழிவழியாகத் தாங்கிய பெயர். மேடையும் சினிமாவும் சேர்ந்து அதைத் தமிழ்நாடு முழுக்க வசவுச் சொல்லாக்கிவிட்டன. பாரதி பிறந்த ஊர், முத்துசுவாமி தீட்சிதர் கண்மூடிய ஊர், தன் பெயரைச் சொல்லும்போது எதிராளி முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டு பாளையங்களுக்கும் எல்லைத் தகராறு இருந்தது, பழம் பகை இருந்தது. பக்கத்துக் காட்டுக்காரன் ஏன் கம்பெனிக்காரனோடு சேர்ந்தான் என்பதைப் புரிய வைப்பது அவனை மன்னிப்பதாகாது. இன்றைய ரசிகன் அதைத் தாங்குவான், அதைத்தான் கேட்கிறான். ஆனால் புதுப் படம் எடுப்பவர்கள் பழைய வில்லனை அப்படியே வைத்துக்கொண்டு, அவன் மீசையை மட்டும் பெரிதாக்குவார்கள்.

வெள்ளைக்கார அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் எழுதி வைத்திருக்கும் ஒரு சம்பவம் உண்டு. 1801 மே மாதம், ஊமைத்துரை மறுபடி எழுப்பிய கோட்டையும் விழுந்துவிட்டது. ஒரு தாய் தன் மகனைத் தேடி வருகிறாள். குற்றுயிராய்க் கிடக்கும் மகன், "என்னை விடு, ஊமையைக் காப்பாற்று" என்கிறான். அவளும் கூட வந்த பெண்களும் ஊமைத்துரையைத் தூக்கிப்போய் மறைக்கிறார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வரும்போது, துணியைப் போர்த்தி, அம்மை கண்டு பிள்ளை செத்துப்போனான் என்று ஒப்பாரி வைக்கிறார்கள். அம்மை என்றதும் வந்தவர்கள் ஓடிவிடுகிறார்கள். இதைப் படமாக்க ஜெய்ப்பூர் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு மண்சுவர், ஒரு வெள்ளைத் துணி, கரிசல்காட்டுப் பெண்கள் நான்கு பேர் போதும். இந்தக் காட்சிக்கு நிகராக எத்தனை கோடியைக் கொட்டி எத்தனை யானையை ஓடவிட முடியும்?

கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாற்றில், சிலை வருவதற்கு வெகு காலம் முன்பே ஒரு ஞாபகச் சின்னம் இருந்தது. 1881-இல் வெளியான தம் திருநெல்வேலிச் சரித்திரத்தில் கால்டுவெல் அதைக் குறிப்பிடுகிறார். வெறும் கற்குவியல். அந்த வழியாகப் போகிறவர்கள் ஆளுக்கொரு கல்லைப் போட்டுவிட்டுப் போவார்களாம். பழங்கதை என்பது அப்படி உயர்ந்த குவியல். பழைய படம் எடுத்தவர்கள் தங்கள் கல்லையும் அதன்மேல் போட்டார்கள். அது சற்றுப் பெரிய கல். இப்போது வருகிறவர்கள் குவியலை ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு மலையையே கொண்டுவந்து இறக்கப் பார்க்கிறார்கள். மலை பெரிதுதான். ஆனால் அதில் நாம் போட்ட கல் எங்கே?