மிச்சம் ஐந்து புள்ளி

வார்ஹாமர் 40,000 ஆட்டத்தில் பொம்மை வீரர்களை மேசையில் இறக்கும் முன்பே ஒரு சுகம் இருந்தது: பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து புள்ளிக் கணக்குப் போடுவது. வரம்பு 2,000, கூட்டினால் 1,995. அந்த ஐந்தைக் கொடுத்து ஒரு சார்ஜென்ட்டின் இடுப்பில் கவச வண்டிகளைத் தகர்க்கும் மெல்டா குண்டைச் செருகலாம். பழைய பதிப்புகளில் அதன் விலை அவ்வளவுதான். 2023இல் வந்த பத்தாம் பதிப்பில் ஆயுதங்களுக்குத் தனி விலை கிடையாது. அணி மொத்தத்துக்கும் ஒரே தொகை.

எளிமையின் பக்கமும் நியாயம் உண்டு. புதிதாக வருபவர் கால் மணி நேரத்தில் படை அமைத்துவிடலாம். நுணுக்கக் கணக்கும் அப்படியொன்றும் துல்லியமில்லை: கவச வண்டியே இல்லாத எதிராளி முன்னால் மெல்டா குண்டு என்ன பெறும்? ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் விலையின் வேலை மதிப்பை அளப்பது மட்டுமன்று, வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தருவதும்கூட. எல்லாம் இலவசம் என்றானதும் கை தானாகவே பலமான ஆயுதத்துக்குத்தான் போகிறது. பெட்டியில் வரும் சாதாரண வாள் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டப்படாமலே கிடக்கிறது. முன்பு 25 புள்ளி கொடுத்து வாங்கிய பவர் ஃபிஸ்ட், அந்தப் பருத்த இரும்புக் கையுறை, பத்தாம் பதிப்பில் கூடுதல் விலையின்றியே வந்துவிடுகிறது. ஆனால் வார்ஹாமரை வெளியிடும் அதே நிறுவனத்தின் இன்னோர் ஆட்டமான ஹோரஸ் ஹெரசியின் 2022 பதிப்பில் ஆயுதவாரி விலை தொடர்ந்தது. நிதானமாகக் கூட்டிக் கழிக்க ஆட்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.