திரைக்குள் ஓடும் ஐகான்: எப்படி ரசிப்பது?

பந்தய சிமுலேட்டரில் ஓடுவது நிஜக் காரின் நகலா, வெறும் படமா என்பதைக் காட்டிக்கொடுப்பவை நான்கு டயர்கள். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய உள்ளங்கை அளவுதான். பிரேக், ஆக்ஸிலரேட்டர், ஸ்டீயரிங் எல்லாம் அந்த இடத்தின் வழியாகவே சாலைக்குப் போய்ச் சேர்கின்றன. பெயின்டும் இன்ஜின் சத்தமும் அதற்கு அப்புறம்தான்.

மறைமலை நகர் ஃபோர்டு ஆலையிலிருந்து 1999-இல் வெளிவந்த ஐகான் காரையே எடுத்துக்கொள்ளலாம். சிங்கப்பெருமாள் கோவிலில் திரும்பி ஒரகடம் வழியே போனால் இருங்காட்டுக்கோட்டை. அங்கே சுமார் 3.7 கி.மீ. நீளப் பந்தயத் தடம் இருக்கிறது. அந்தத் தடத்தில் இந்த வண்டியைக் கணினிக்குள் ஓட்ட முதலில் வேண்டியது எடைக் கணக்கு. வண்டி 1000 கிலோ என்று வைத்துக்கொள்வோம், அதில் முன்சக்கரங்கள் மேல் 600, பின்சக்கரங்கள் மேல் 400. ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரத்தில். முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2.5 மீட்டர் என்று கொண்டால், புவியீர்ப்பில் பத்தில் எட்டுப் பங்கு விசையோடு பிரேக் பிடிக்கும்போது 160 கிலோ முன்னுக்குச் சாய்கிறது. பின்னால் மிஞ்சுவது 240 கிலோதான். வளைவின் நடுவில் பிரேக்கைத் தொட்டால் பின்பக்கம் அலைவது இதனால்தான். நல்ல மாடலில் மூக்கு தாழ்வதும் வால் இளகுவதும் ஒரே மூச்சில் முடிந்துவிடாது. ஸ்பிரிங் அமுங்கவும் டேம்பர் அதை அடக்கவும் எடுக்கும் நேரம் கையில் தெரியும்.

கடினமான பகுதி டயர். ரப்பர் நெளிவதால், சக்கரம் பார்க்கும் திசையும் அது போகும் திசையும் சற்று விலகுகின்றன. இந்த வழுக்கல் கோணம் கூடக் கூடப் பிடிமானமும் கூடும். சில டிகிரிகளில் உச்சம் தொட்டு, பிறகு மெல்லச் சரியும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹன்ஸ் பசேய்க்கா அந்த வளைகோட்டை ஒரே சமன்பாட்டில் அடக்கினார். ‘மேஜிக் ஃபார்முலா’ என்ற பெயர் அதற்கு முற்றிலும் தகும். இன்னொரு நுட்பமும் உண்டு: டயர் மேல் சுமை இரட்டித்தாலும் பிடிமானம் இரட்டிக்காது. சூட்டுக்குத் தகுந்தபடியும் அது மாறும்.

ஐரேசிங் என்ற சிமுலேட்டர் இந்தக் கணக்கை விநாடிக்கு 360 முறை போடுகிறது. 180 கி.மீ. வேகத்தில் இரண்டு கணக்குகளுக்கு நடுவே வண்டி நகர்வது ஒரு சாண்கூட இல்லை.

ரசிக்க நினைப்பவர் வேகப் போட்டியை விட்டுவிட்டு, அகலமான ஒரே வளைவில் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டிப் பார்க்கலாம். கனத்துக்கொண்டே வந்த ஸ்டீயரிங், பிடிமானம் உச்சத்தை எட்டுவதற்குச் சற்று முன்பே கையில் லேசாகத் தொடங்கும். மாடலின் அழகெல்லாம் அந்தக் கணத்தில்தான். அது வராமல் வண்டி சட்டென்று வழுக்கினால் டயர் கணக்கு தேறவில்லை. அடுத்து, வளைவை விட்டு வெளியேறுகையில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க வேண்டும். ஐகானில் வண்டியை இழுப்பதும் திருப்புவதும் முன்சக்கரங்களே. இழுக்கச் செலவான பிடிமானம் திருப்ப மிஞ்சாததால் மூக்கு வெளியே தள்ளும். காலைத் தளர்த்தினால் மூக்கு உள்ளே திரும்பும்.

பந்தய நாளில் இருங்காட்டுக்கோட்டைக்குப் போகிறவர்கள் முன்சக்கர இழுவைக் கார்களில் இதையே கண்ணால் பார்க்கலாம்: வளைவின் வெளி விளிம்பை முன்டயர் உரசும் நேரத்தில், ஓட்டுநரின் கை ஸ்டீயரிங்கை நூலளவு தளர்த்தி மறுபடி பிடிக்கும்.