தாமதமாக வந்த தண்ணீர்

சிறைப்பட்டு இறந்தவனுக்குத் தமிழில் சங்க காலத்திலிருந்து பாட்டு இருக்கிறது. சிறைப்பட்டுப் பிழைத்து வீடு வந்து சேர்ந்தவனுக்கு இல்லை. சமீபத்தில் கருவடிக்குப்பத்தில் என் வீட்டு மாடியில் நாலைந்து பேர் கூடியிருந்தபோது இதைச் சொன்னேன். "அதெல்லாம் இருக்கும், நீர் படித்திருக்க மாட்டீர்" என்றார் ஒரு நண்பர். இருக்கலாம். மறுநாள் பட்டியல் கொண்டுவருவதாகச் சொல்லிப் போனவர் இன்னும் வரவில்லை. அவருக்காகக் காத்திராமல் எழுதுகிறேன்.

புறநானூற்றின் 74ஆம் பாட்டை எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானோடு பொருது பிடிபட்டான். குடவாயிற்கோட்டத்துச் சிறையில் தண்ணீர் கேட்டான். உடனே கிடைக்கவில்லை. பிறகு வந்ததைக் குடிக்காமல், பாட்டைச் சொல்லிவிட்டு உயிரை விட்டான். நமக்குத் தெரிந்த இரும்பொறை இவன்தான். ஆனால் இந்தக் கதை முழுவதும் பாட்டின் அடியில் பிற்காலத்தார் எழுதி வைத்த உரைநடைக் குறிப்பில் இருப்பது. குறிப்பை மறைத்துக்கொண்டு பாட்டை மட்டும் படித்துப் பாருங்கள். குழந்தை செத்துப் பிறந்தாலும், வெறும் தசைப்பிண்டமாகப் பிறந்தாலும், அதையும் ஆள் என்றே மதித்து வாளால் கீறிப் புதைக்கிற குலம். அதில் பிறந்தவன் சங்கிலியில் கட்டிய நாய்போலக் கிடந்து, பகைவரிடம் மனவலி இன்றி, வயிற்றின் காந்தல் தணிய இரந்து உண்பதா, இதற்கா பெற்றார்கள் என்று கேட்கிறது. பாட்டு அவ்வளவுதான். மறுத்தான் என்று அதில் இல்லை. செத்தான் என்றும் இல்லை. இரந்துவிட்ட கூச்சம்தான் இருக்கிறது. முதலில் வயிறு, அதன் பிறகு வெட்கம். அனுபவத்தின் இந்த வரிசையைக் கவி மறைக்கவில்லை. குறிப்பு எழுதியவர் வயிற்றை மூடிவிட்டு மானத்தை மட்டும் வெளியே வைத்தார். நாம் குறிப்பைப் படித்தோம், பாட்டைப் படிக்கவில்லை.

இன்னொன்றும் தோன்றுகிறது. சிறையில் கிடந்தவன் சொன்ன பாட்டு வெளியே எப்படி வந்தது? கேட்டவன் ஒருவன் இருந்திருக்க வேண்டும். தண்ணீரைத் தாமதமாகக் கொண்டுவந்த காவற்காரனாகத்தான் இருக்க முடியும். தமிழின் முதல் போர்க்கைதிக் கவிதையை நமக்குக் கொடுத்தவன் அந்த ஆசாமி என்று வைத்துக்கொண்டால் என் மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.

இதே சேரனுக்கு இரண்டாவது முடிவு ஒன்றும் உண்டு. பொய்கையார் களவழி நாற்பது பாடி அவனை மீட்டார் என்பது மரபு. களவழிக்குள் போய்ப் பார்த்தால் யானைப்பிணமும் ரத்தமும்தான். சிறையைப் பற்றிப் பேச்சில்லை. பின்னால் வந்த கலிங்கத்துப்பரணி, கால் விலங்கை வெட்டி அரசையும் திரும்பக் கொடுத்ததாகப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறது. இரண்டு சேரனும் ஒருவனேயா என்று அறிஞர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். என் அக்கறை வேறு. ஒரு முடிவில் அவன் தண்ணீரைக் குடிக்கவில்லை. மற்றதில் குடித்திருக்கிறான். குடிக்காமலா உயிரோடு ஊர் போனான்? விலங்கின் தழும்போடு அவன் தன் அரண்மனை வாசலுக்கு வந்து நின்றபோது எதிரே வந்தவர்கள் அவன் முகத்தைப் பார்த்தார்களா, காலைப் பார்த்தார்களா என்று பாட ஒரு புலவனும் இல்லை. சாகாதவன் கவிதைக்கு ஆகாதவன் என்று நம் மரபு என்றோ தீர்மானித்துவிட்டது.

பாரதியும் விலக்கல்ல. முதல் உலகப்போரின்போது புதுச்சேரியில் இருந்துகொண்டு அவர் பாடியது பெல்ஜியத்துக்கான வாழ்த்து. பணியாமல் வீழ்ந்ததற்காக ஒரு நாட்டை வாழ்த்துகிறார். அது பெரிய மனசு, மறுக்கவில்லை. ஆனால் அவரே 1918 நவம்பரில், பத்து வருஷப் புதுச்சேரி வாசத்துக்குப் பிறகு எல்லையைத் தாண்டினார், கைதானார், கடலூர்ச் சிறையில் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தார், வெளியே வந்தார். இந்தத் திரும்புதலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நமக்குத் தெரியவில்லை. வரலாற்றுக் கட்டுரைகளில் தேதியாகப் போட்டுவிட்டு அடுத்த பக்கம் புரட்டுகிறோம்.

இனி என் குற்றத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர் வெளியூர்க்காரர்களுக்குப் பாரதியின் குயில்தோப்பு, உள்ளூர்க்காரர்களுக்குச் சுடுகாடு. இரண்டுக்கும் இடையில் ஒரு தெருவில் நான் சிறுவனாக இருந்தபோதிருந்தே ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களுக்குப் புதுச்சேரியில் அந்தப் பெயர்தான், வீட்டுக்கும் அதே பெயர். இவர் இந்தோசீனாவில் வியட்மின்களிடம் பிடிபட்டு முகாமில் இருந்தவர். 1981இல் அவரை வைத்து ஒரு கவிதை எழுதினேன். இரண்டு இதழோடு நின்றுபோன ஒரு பத்திரிகையில் வந்தது. காவலன் நீட்டிய தகரக் குவளையைக் கைதி தரையில் கவிழ்க்கிறான், மண் அதைக் குடிக்கிறது என்று முடியும். நண்பர்கள் கடைசி வரியை மெச்சினார்கள். புளகாங்கிதத்தில் கிழவருக்கே அதைப் படித்துக் காட்டினேன்.

"யாரு கவுத்தது?" என்றார்.

"நீங்கதான்."

"நானா? நான் குடிச்சேன் தம்பி."

அப்புறம் அவர் விளக்கியது கவிதையை மட்டுமல்ல, எனக்குள் இருந்த இரும்பொறையையும் சேர்த்துத் தரைமட்டமாக்கியது. பகலில் விமானம் வரும், அதனால் ராத்திரியில் நடத்திப் போவார்கள். தாகம் தாங்காமல் வழியில் ஓடையில் வாய் வைத்தவர்கள் பேதியில் போய்விட்டார்கள். இவர் ஒரு காலி டப்பா வைத்திருந்தார். நின்ற இடத்தில் சுள்ளி பொறுக்கிக் காய்ச்சி, ஆற வைத்து, அதற்கப்புறம்தான் குடிப்பார். "தண்ணி லேட்டா வரணும் தம்பி. லேட்டா வந்தா உயிரு." அந்த டப்பாவைத் தூங்கும்போது இடுப்போடு கட்டிக்கொள்வாராம். உப்புக்கல் ஒன்று கிடைத்தால் நாலு பேர் நக்கி வைத்துக்கொள்வார்களாம். இதில் எங்கே கவிதை என்று நினைத்துக்கொண்டு நான் எழுந்து வந்தேன். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது என்பது ஒரு சமாதானம். ஆனால் குறிப்பு எழுதினவருக்கு என்ன வயதிருக்கும்?

டப்பாவில் கவிதை இருக்கிறது என்று எனக்குக் காட்டியது சோல்ஷெனிட்சின். 1962இல் வெளியான 'இவான் டெனிசோவிச்சின் வாழ்வில் ஒரு நாள்' நாவலை நம்மவர்கள் அரசியலுக்காகத் தூக்கினார்கள், அரசியலுக்காகவே கீழேயும் போட்டார்கள். ஷுகோவ் ஏன் உள்ளே இருக்கிறான் என்பதைக் கவனித்தவர் குறைவு. 1942இல் ஜெர்மானியரிடம் பிடிபட்டான், தப்பித்துத் தன் படைக்கே ஓடி வந்தான். அதுதான் குற்றம். பிடிபட்டவன் ஏன் உயிரோடு வந்தான்? உளவாளியாகத்தான் இருக்க வேண்டும். பத்து வருஷம். குறிப்பு எழுதினவரின் தர்மத்தை ஓர் அரசாங்கம் சட்டமாகப் போட்டால் இப்படித்தான் இருக்கும். இந்த மனிதனுக்கு ஆசிரியர் கொடுக்கிற கௌரவம் எங்கே இருக்கிறது? எத்தனை குளிரானாலும் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் சாப்பிடுகிறான். தானே வார்த்த கரண்டியைப் பூட்சுக்குள் வைத்திருக்கிறான். சூப்பில் மீனின் கண் மீனோடு சேர்ந்து இருந்தால் தின்பான், தனியாக மிதந்தால் தின்னமாட்டான். மறுப்பதில் இல்லை அவன் மானம், உண்ணும் முறையில் இருக்கிறது. இரும்பொறைக்கு இரண்டே வழிதான் தெரிந்தது, குடிப்பது அல்லது சாவது. குடிப்பதிலேயே ஆயிரம் விதம் உண்டு என்பது ஷுகோவுக்கும் எங்கள் தெருச் சொல்தாவுக்கும் தெரிந்திருந்தது. சகிப்பு என்பது பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது என்று நம் கவிகள் நினைக்கிறார்கள். அது ஒரு தொழில். தச்சுவேலை மாதிரி, கருவியும் கைப்பழக்கமும் வேண்டும்.

தமிழில் ப. சிங்காரம் இதன் அருகில் வந்தார். 'புயலிலே ஒரு தோணி' (1972) பெரிய நாவல், சந்தேகமில்லை. அதன் பாண்டியன் ஊர் திரும்புவதில்லை. அந்நிய மண்ணிலேயே முடிகிறான். கொண்டாடினோம். ஆனால் 1959இல் புத்தகமாக வந்த அவருடைய முதல் நாவல் 'கடலுக்கு அப்பால்' போருக்குப் பிறகு திரும்பி வந்தவனைப் பற்றியது. செல்லையா இந்திய தேசிய ராணுவத்தில் இருந்துவிட்டு, ஜப்பான் சரணடைந்த பின் பினாங்கில் வானாயீனாவின் கடைக்கு வருகிறான். மகள் மரகதத்தை அவனுக்குத் தருவதாக இருந்தவர் இப்போது மறுக்கிறார். துப்பாக்கி பிடித்தவன் பெட்டியடிக்கு உதவமாட்டான் என்பது அவர் கணக்கு. அவர் கொடியவரல்ல, அதுதான் விசேஷம். வந்தவனை வாசலில் நிறுத்தி எடை போடுகிற மனிதரை இவ்வளவு நியாயத்தோடு தமிழில் வேறு யாரும் எழுதவில்லை. கலையாக இது இரண்டாம் இடம்தான். காதல் பகுதிகளில் பழைய பத்திரிகைக் கதையின் வாசனை இருக்கிறது. ஆயினும் நம் விமர்சகர்கள் பாண்டியனுக்கு எழுதிய பக்கங்களில் பத்தில் ஒரு பங்கையாவது செல்லையாவுக்குத் தந்திருக்கலாம். சிங்காரம் தாமும் திரும்பி வந்தவர்தான். மதுரையில் ஒரு விடுதி அறையில் பல வருஷங்கள் தனியே இருந்து, 1997இல் போனார்.

போர்க்கைதி என்ற பெயர்கூடக் கிடைக்காதவர்கள் உண்டு. 1942-43இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில்பாதையில் செத்த வெள்ளைக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள், பெயரும் வயதும் பொறித்து. அங்கேயே மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டுச் செத்த தமிழர்கள் சிப்பாய்கள் அல்ல, கூலிகள். அதனால் கணக்கில்லை, கல்லில்லை. பியேர் பூல் 1952இல் எழுதிய குவாய் நதிப் பால நாவல் ஒரு வெள்ளைக் கர்னலின் மானத்தைப் பற்றியது. அதை 1957இல் படமாக எடுத்தது இலங்கையில். மலேசியாவில் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுத 1993 ஆகவேண்டியிருந்தது.

சொல்தாவுக்கு வருகிறேன். தியன் பியன் பூ 1954 மே 7ஆம் தேதி விழுந்தது. அங்கே மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் பிடிபட்டதில் திரும்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். ஜூலையில் ஜெனீவா ஒப்பந்தம், அதன்பின் கைதிகள் விடுவிப்பு. அக்டோபர் 18இல் இங்கே கீழூரில் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1ஆம் தேதி கொடி மாறியது. அதே நவம்பர் 1இல்தான் அல்ஜீரியாவில் பிரெஞ்சுக்காரருக்கு எதிராகச் சண்டை தொடங்கியது. முகாமில் அவருக்கு வகுப்பு எடுத்தார்களாம், நீயும் எங்களைப்போல் அடிமைதான், ஊருக்குப் போய் உன் நாட்டை விடுதலை செய் என்று. கொழும்பில் கப்பலை விட்டு இறங்கி, தலைமன்னார் தாண்டி, தனுஷ்கோடியில் ரயில் பிடித்து, விழுப்புரத்தில் மாறி 1955இல் அவர் வந்து சேர்ந்தபோது விடுதலை செய்ய நாடு மிச்சமில்லை. சட்டப்படியோ 1962 ஆகஸ்ட் 16 வரை ஊர் பிரெஞ்சுக்காரருடையதுதான். எந்த நாட்டுக்குத் திரும்பினீர்கள் என்று கேட்டேன். "கருவடிக்குப்பத்துக்கு" என்றார். என் கேள்வியின் அசட்டுத்தனம் உறைக்க எனக்குச் சில வருஷம் ஆயிற்று.

செய்தி வராததால் அவருக்கு இங்கே கருமாதி முடிந்திருந்தது. பென்ஷனுக்காக வருஷா வருஷம் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். "எங்க வீட்ல ஒரு தடவ செத்துட்டேன், இவங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவ பொழைக்கிறேன்" என்பார். கடற்கரைச் சாலையில் இருக்கும் போர் நினைவுச் சின்னம் 1914-18இல் இறந்தவர்களுக்கு. ஜூலை 14க்கு அவர் மெடலோடு போய் அங்கே நின்றுவிட்டு வருவார்.

அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. 1981 கவிதையை எந்தத் தொகுப்பிலும் நான் சேர்க்கவில்லை. திரும்பி வந்த அன்று என்ன நடந்தது என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அம்மா வாசலிலேயே செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இவர் குடிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"காய்ச்சினதாம்மான்னு கேட்டேன். அடப் பாவி, நம்ம கெணத்துத் தண்ணிடா, எதுக்குக் காய்ச்சணும்னு அழுதாங்க."

"குடிச்சீங்களா?"

"குடிக்காம?"