அறச் சங்கங்களும் அங்கத்தினர் வாக்குரிமையும்

நூல் வெளியிடுதல், பாடசாலை நடத்துதல், ஏழையர்க்கு அன்னம் பாலித்தல் முதலாய அறங்களின்பொருட்டுப் பலர் கூடி ஒரு சங்கம் நிறுவுங்கால், அச்சங்கம் எவர்க்கு உரியது என்னும் வினா உடன் பிறக்கின்றது. வாணிபக் கம்பெனியாயிற் பங்குடையார் உடையவராவர். அறச்சங்கத்தில் அங்ஙனம் உடையார் ஒருவருமிலர். சங்கங்களைப் பதிவு செய்தற்கு இந்நாட்டில் எழுந்த 1860-ஆம் ஆண்டின் 21-ஆவது சட்டம், சங்கம் கலையுங்கால் எஞ்சிய பொருள் அங்கத்தினர்க்குப் பங்கிடப்படலாகாது, வேறொரு சங்கத்துக்கே சேரற்பாலது என விதித்தது. எச்சங்கத்துக்கு என்பதனை, கூடியிருந்தாருள் ஐந்தில் மூன்று பங்கினர் வாக்கே துணியும். எனவே, பொருளுரிமை யாதும் இல்லா அங்கத்தினன் கையில் எஞ்சுவது வாக்கு ஒன்றேயாம். அவ்வாக்கு எங்ஙனம் அளிக்கப்படுகின்றது, எங்ஙனம் பறிபோகின்றது என்பதை நோக்கினாலன்றி ஒரு சங்கத்தின் ஆட்சியை அறிந்தவராகோம்.

மேற்குறித்த சட்டத்தின் 15-ஆம் பிரிவு, சங்க விதிகளின்படி சேர்க்கப்பெற்று, சந்தா செலுத்தியேனும் அங்கத்தினர் பட்டியிற் கையொப்பமிட்டேனும் இருந்து, விதிப்படி விலகாதவனே அங்கத்தினன் என்கின்றது. மூன்று திங்களுக்கு மேற்பட்டுச் சந்தா நிலுவையுடையோன் வாக்களித்தற்கும் அங்கத்தினனாக எண்ணப்படுதற்கும் உரியனல்லன் என்றும் கூறுகின்றது. கொடாதார்க்கு உரிமையில்லை என்பது நேரிதாகவே தோன்றும். ஆயினும் சந்தா தண்டுவார் யார்? நிலுவையை அறிவிப்பார் யார்? புதியோரைச் சேர்ப்பார் யார்? இம்மூன்றையும் சட்டம் விதிகளுக்கு விட்டது. விதிகளோ பெரும்பாலும் நிருவாகக் குழுவின் கையில் விட்டன. குழுவினர்க்கு வேண்டாதவரின் நிலுவை தேர்தல் நாளன்றே வெளிப்படுதலும், வேண்டியவர் நூற்றுவர் தேர்தலுக்கு முந்திய வாரத்தில் ஒருங்கே அங்கத்தினராதலும் இதன் பயன்களாம். அங்கத்தினர் ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கின்றனர் என்று விதி கூற, ஆள்வோர் தம்மைத் தேர்வாரைத் தேர்ந்தெடுத்துக்கொள்கின்றனர். அங்கத்தினர் பட்டியைக் காட்டுமின் என்றளவிற் சினங்கொள்ளும் காரியதரிசிகளும் உளர். பட்டியினும் அச்சினமே முதற்கண் ஆராயத்தக்கது.

அற்றேல், வாயிலை யாவர்க்கும் திறந்துவிடின், கொள்கையில் ஒவ்வாதார் கூட்டமாய்ப் புகுந்து சங்கத்தைக் கவர்ந்துகொள்ளாரோ எனின், அவ்வச்சம் பொய்யன்று. சிறு சந்தாவும் பெருஞ்சொத்துமுடைய சங்கங்கட்கு அஃது என்றும் உள்ளதே. ஆயினும் அதற்கு மருந்து, சேர்ந்து ஓராண்டு கழிந்தாலன்றி வாக்களித்தல் கூடாது என எல்லார்க்கும் ஒப்ப விதித்தலாம். சேர்க்கும் அதிகாரத்தைக் குழுவினரின் விருப்பத்துக்கு விடுதல் மருந்தாகாது. முன்னையது காலத்தை நோக்குகின்றது. பின்னையது முகத்தை நோக்குகின்றது.

இவ்விடத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் நினைவு கூரத்தக்கன. முதற் பராந்தகனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளிற் பொறிக்கப்பட்ட அவை, சபையின் வாரியங்கட்கு 30 குடும்புகளினின்றும் குடவோலையால் ஆள் எடுத்த முறையை விளக்குவன. அது வாக்கெடுப்பன்று, ஓலையிட்டுக் குலுக்கி எடுத்ததாம். நிலமும் மனையும் கல்வியுமுடையாரே அதற்கு உரியர் என்பதால் அதனை எல்லார்க்கும் பொதுவாயதெனப் புகழ்தலும் பொருந்தாது. ஆயினும் ஆண்டு விலக்கப்பட்டவர் யாவர் என்பதைக் காண்மின். முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தாரும், அவர்க்கு நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். அணித்தே மூன்று ஆண்டுக்குள் வாரியம் செய்தாரும் விலக்கப்பட்டனர். 1860-ஆம் ஆண்டுச் சட்டமோ சந்தா நிலுவை வைத்த அங்கத்தினனை விலக்கிற்று. கணக்கு நிலுவை வைத்த நிருவாகியைப் பற்றி ஒரு சொல்லும் கூறிற்றில்லை. ஆண்டுதோறும் நிருவாகிகளின் பெயர்ப்பட்டியைப் பதிவாளர்க்கு அனுப்பினால் அச்சட்டத்துக்குப் போதியதாயிற்று.

தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டம் இக்குறையைப் பெரும்பாலும் நீக்கிற்று. அங்கத்தினர் பதிவேடு வைத்தலும், தணிக்கை செய்யப்பட்ட கணக்கைப் பதிவாளர்க்கு அளித்தலும் கட்டாயமாயின. நிருவாகக் குழுவின் காலமும் மூன்றாண்டுக்கு மேற்படலாகாது என்றாயிற்று. எனினும் மீண்டும் அவரே தேர்ந்தெடுக்கப்படுதற்குத் தடையில்லாமையால், பட்டி எவர் கையில் உளதோ அவர் கையிலேயே பதவியும் சுழலக் காண்கின்றோம். வழக்குக்கள் நீதிமன்றம் புக்கு, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் வந்து தேர்தல் நடத்துமிடத்தும், அவர் முதற்கண் கேட்பது அப்பட்டியையே.

பட்டி தூயதாயினும் வாக்குப் பிறிதொரு வழியாற் கைமாறுதலுண்டு. அது நேரில் வாராதார் தம் வாக்கைப் பிறர்க்கு ஒப்புவித்தல். இதன் வலிமையை அறிதற்கு இங்கிலாந்திற் பழைய மாளிகைகளையும் நிலங்களையும் காத்துவரும் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிலையம் தக்க சான்றாகும். 1895-இல் தோன்றிய அதற்கு அங்கத்தினர் பன்னூறாயிரவர். அதன் நிலங்களில், இட்ட மோப்பத்தைத் தொடர்ந்து நாய்களை ஓட்டும் வேட்டையை விலக்கவேண்டும் என 2017-இல் ஒரு தீர்மானம் வந்தது. தாமே துணிந்து வாக்களித்தாருள் 30,686 வாக்கு அதற்கு இசைவாகவும், 27,525 எதிராகவும் இருந்தன. தலைவரின் விருப்பத்துக்கு விடப்பட்ட 3,460 வாக்குக்களை அவர் எதிர்ப்பக்கம் சேர்த்தமையால் 299 வாக்கில் தீர்மானம் வீழ்ந்தது. நான்காண்டு கழித்து 2021-இல் அதுபோன்ற தீர்மானமே நிறைவேறிற்று. தலைவர் விதியை மீறினாரல்லர். வாக்கை அவர்பால் விட்டாரும் அறிந்தே விட்டனர். ஆயினும் ஒருவர் கையில் 3,460 வாக்கு உளதாகும்பொழுது அவர் தலைவராக மட்டும் இருக்கின்றிலர். ஒரு பெரிய கட்சியாகவும் ஆகிவிடுகின்றார்.

நம் சங்கங்களில் விதி திருத்துவார் இதனை எண்ணுதல் நன்று. பதிலாள் வாக்கைக் கொள்வதாயின், இன்ன தீர்மானத்துக்கு இன்னவாறு என எழுதித் தந்ததையே கொள்க. ஒருவர் ஏந்தும் வாக்கின் தொகைக்கும் வரம்பு இடுக. நிலுவையை ஓலை விடுத்து அறிவித்து, முப்பது நாள் கடந்த பின்னரே பெயரை நீக்குக. சேர்க்க மறுக்கப்பட்டவன் பொதுக்கூட்டத்தில் முறையிட வழி வைக்க. தேர்தலுக்கு அறுபது நாளின் முன் பட்டியை மூடி, சங்க மனையின் வாயிலில் ஒட்டுக.